அசையாமல் இருந்த நிமிடங்கள்

போன மாதம் ஒரு துண்டுப்பிரசுரம் வீட்டுக்கு வந்தது. வழவழப்பான தாள். முன்பக்கத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். கீழே, “ஓட்டிசம் உள்ள சிறுவர்களுக்கான முழுக்கவனப் பயிற்சி. அமைதியான மனம், அமைதியான வகுப்பறை” என்று எழுதியிருக்கிறது. அதை அச்சடித்திருப்பது, ஓய்வுபெறும் வரைக்கும் நான் பதினொரு வருடம் வேலை செய்த அதே வெள்ளவத்தை மனநல நிலையம்.

பிரசுரத்துக்குப் பின்னாலேயே சுகந்தியின் தொலைபேசி அழைப்பும் வந்தது. எனக்குக் கீழே வேலை பழகியவள், இப்போது அந்தப் பயிற்சிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறாள்.

“மிஸ், புது மண்டபம் திறக்கிறம். நீங்கள்தான் வந்து விளக்கேத்த வேணும். திறப்பு விழா மலருக்கும் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. உங்கட அனுபவத்தை. இப்ப வாற பிள்ளையளுக்கு அது உதவும்.”

ஓம் என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் முதலில் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பது என் பழைய வியாதி. அழைப்பை முடித்த பிறகுதான் பிரசுரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. “பங்கேற்பாளர் 7. அசையாமல் இருந்த நிமிடங்கள்.” முதல் வாரம் ஒரு நிமிடம் கூட இல்லை. பிறகு கோடு ஏறிக்கொண்டே போகிறது. ஐந்தாம் கிழமையில் ஒரு சின்னச் சறுக்கல். எட்டாம் கிழமை இருபது நிமிடத்தில் போய் நிற்கிறது.

அந்தச் சறுக்கலைக் கண்டதும் எனக்கு யாருடைய கோடு என்று விளங்கிவிட்டது. அன்று கீழே, காலிக்குப் போகும் பெருவீதியில், ஒரு தேர்தல் வாகனம் ஒலிபெருக்கியோடு போனது. ஒன்பதாவது நிமிடத்தில் அவள் தோள் துடித்தது. நான் கடிகாரத்தை நிறுத்தினேன். அந்தப் புள்ளிகள் எட்டும் என் கையால் குறித்தவை.

ஆகவே சுகந்தி, நீ கேட்ட ஒரு பக்கம் இதுதான். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மலருக்கும் இது சரிவராது, அதனால் வேறு இடத்துக்கு அனுப்புகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

நான் தொழில்வழிச் சிகிச்சை படித்தவள். நோயாலோ விபத்தாலோ பிறவியிலேயோ ஒருவருக்கு அன்றாட வேலைகள் கஷ்டமாக இருந்தால், அவற்றைச் செய்துகொள்ள வழி பார்ப்பது எங்கள் வேலை. சட்டைப் பொத்தான் பூட்டுவதிலிருந்து வேலைக்குத் திரும்பிப் போவது வரை எல்லாம் அதில் அடங்கும். படிப்பில் எனக்குச் சொல்லித் தந்த முதல் விஷயம், ஆளை மாற்றுவதற்கு முன் அவர் உட்காரும் கதிரையை மாற்றிப் பார் என்பது. மேசை உயரமா, வெளிச்சம் காணாதா, சத்தம் கூடவா என்று முதலில் பார்க்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் வேலை செய்தேன். பிறகு முன்கூட்டியே ஓய்வெடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். அங்கே கதிரையை மறந்துபோனேன்.

நிலையம் ஒரு புடைவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. பின்பக்க யன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். அதை நடத்தியவரை எல்லோரும் டொக்டர் என்றுதான் சொல்வோம். மனநல மருத்துவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அறைக்குள் வரும்போது செருப்பைக் கழற்றி, ஒன்றின் பக்கத்தில் மற்றதை நேராக வைப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பார். நாம் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பார். முடிந்ததும் மூன்று மூச்சு விடுவார், எண்ணிப் பார்த்திருக்கிறேன். பிறகு, நாம் வாய் திறக்க முன்னமே அவர் முடிவு செய்து வைத்திருந்ததைச் சொல்வார். வந்த புதிதில் அதை நான் பொறுமை என்று நினைத்து மரியாதை வைத்தேன். ‘இல்லை’ என்ற சொல்லே அவர் வாயில் வராது. “பார்ப்பம்” என்பார். அவருக்குக் கோபம் வந்தால் தன் கையாலேயே நமக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவார். நிலையத்தில் அவர் கையால் தேத்தண்ணி குடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான், குடித்தவர்கள் அதிக நாள் நிற்கவில்லை.

பயிற்சி எட்டுக் கிழமை, ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பதுக்கு நடக்கும். பன்பாயில் பத்துப் பேர். மின்விசிறியின் சத்தம் கவனத்தைக் கலைக்கும் என்று அதை நிறுத்திவிடுவார்கள். டொக்டர் ஒரு வெண்கல மணியை ஒருதரம் தட்டுவார். கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள், எண்ணம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும், மெதுவாகத் திரும்பி மூச்சுக்கு வாருங்கள். அவ்வளவுதான் போதனை. ரயில் போனால், “சத்தம் வருகிறது, சத்தம் போகிறது” என்பார்.

என் இடம் கதவோரக் கதிரை. மடியில் நிரப்புவதற்கு அச்சடித்த ஒரு பாரம், கையில் நிறுத்தற் கடிகாரம். பாரத்தில் ஆளுக்கு ஒரு வரி. நேரத்துக்கு வந்தாரா, கண்ணை மூடினாரா, அசையாமல் இருந்த நிமிடங்கள், குறிப்பு. மணி அடித்ததும் கடிகாரத்தைத் தட்டுவேன். உடம்பு கண்ணுக்குத் தெரிய அசைந்தால் அந்த ஆளின் கணக்கு அங்கேயே முடிந்தது, பிறகு எவ்வளவு நேரம் இருந்தாலும் சேராது. பத்துப் பேரை ஒரே நேரத்தில் பார்ப்பது லேசான வேலை இல்லை. நான் அதில் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு பயிற்சி. அதை அளக்க நாங்கள் வைத்திருந்ததோ, வெளியே உடம்பு ஆடுகிறதா என்று பார்க்கும் ஒரு கடிகாரம். அந்த அறையில் இருந்த படித்தவர்கள் ஒருவருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. உட்கார்ந்திருப்பவரிடம் “உள்ளே எப்படி இருந்தது” என்று கேட்க அந்தப் பாரத்தில் ஒரு நிரல் இருக்கவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்தப் பயிற்சி உதவிய ஆட்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏ.டி.எச்.டி. உள்ள ஒரு வங்கி உத்தியோகத்தர் வந்தார், கிருலப்பனைக்காரர். பாயில் இரண்டு நிமிடம் தாண்டமாட்டார். என் பாரத்தின்படி அவர் படுதோல்வி. ஆனால் அவர் வீட்டில் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தார். வேலைக்குப் போக முன் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்து, ஒவ்வொரு அடியிலும் மணல் சூடா ஈரமா என்று மட்டும் பார்ப்பார். மூன்று மாதத்தில் ஒரு நாள் வந்து, “மிஸ், இப்ப கோவம் வாறது எனக்கு முதலே தெரியுது. முந்தி வந்த பிறகுதான் தெரியும்” என்றார். அதைவிட நல்ல பலன் வேறென்ன வேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மாரும் சிலர் வந்தார்கள். வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலம்தான் தங்களுக்கு மூச்சு விடக் கிடைக்கிறது என்றார்கள். நானும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் கண்ணை மூடி நிற்பவள்தான். ஆகவே முழுக்கவனம் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. என் கோபம் வேறு.

ஜெசிந்தா என்று அவளைச் சொல்கிறேன். உண்மைப் பெயர் அதல்ல, இந்தப் பெயரை அவளே தெரிவு செய்து தந்தாள்.

கொட்டாஞ்சேனைப் பெண். அப்போது இருபத்தாறு வயது. தகப்பன் இல்லை, தாய் ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். அவளுக்கு ஓட்டிசம் என்பது எங்களிடம் வருவதற்கு ஒரு வருடம் முன்புதான் தெரிந்தது. அதுவரைக்கும் பள்ளிக்கூடம், சொந்தக்காரர், கோயில் எல்லாரும் அவளுக்கு வைத்த பெயர் ‘ஒரு மாதிரி’. வத்தளையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் ஆறு வருடமாக வேலை. தைத்து முடிந்த சட்டையைப் புரட்டிப் பார்த்து, எங்கே தையல் தவறியிருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. தொழிற்சாலையிலிருந்து எங்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி எனக்கு நல்ல ஞாபகம். பிழை இவருடைய கண்ணுக்குத் தப்பியதில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதம் வந்த காரணம் இதுதான். தொழிற்சாலையில் இயந்திரங்களை இடம் மாற்றியதில் அவளுடைய மேசை ஒரு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே வந்துவிட்டது. காலையிலிருந்து மாலை வரை வானொலிப் பாட்டு. மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. அவளுக்கு இரண்டு மாதத்தில் நித்திரை போனது, சாப்பாடு போனது, மேசைக்குப் பக்கத்தில் நின்று முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கினாள். பொதி அறைப் பக்கம் ஒரு வெற்று மேசை இருந்தது. அங்கே போகலாமா என்று கேட்டாள். பணியாளர் விஷயங்களைப் பார்க்கும் ஆளணி அலுவலர் மோசமான மனிதர் இல்லை. ஒரு மருத்துவக் கடிதம் கொண்டு வந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். ஒரு கடிதம், ஒரு மேசை, காரியம் முடிந்தது. அதைக் கேட்டுத்தான் தாயும் மகளும் எங்கள் மூன்று மாடிப் படியேறி வந்தார்கள்.

“லெட்டர் ஒண்ணு போதும் டொக்டர்,” என்றார் தாய். “அவ வேலய நல்லா செய்வா. சத்தம்தான் தாங்கமாட்டா.”

டொக்டர் மூன்று மூச்சு விட்டார். “கடிதம் குடுக்கலாம். ஆனா எவ்வளவு காலத்துக்கு மேசையை மாத்திக்கொண்டு இருக்கிறது? உலகம் முழுக்கச் சத்தம்தானே. பிள்ளை தன்னைத்தான் பலப்படுத்த வேணும். எட்டுக் கிழமை வரட்டும். பிறகு பார்ப்பம்.”

நான் பக்கத்தில் இருந்தேன். ஆளை மாற்றுவதற்கு முன் கதிரையை மாற்று என்று படித்தவள். தலையாட்டினேன்.

முதல் சனிக்கிழமை அவள் நாற்பது செக்கனில் ஆடத் தொடங்கினாள். மெல்லிய முனகல் ஒன்றும் இருந்தது, ஒரே சுருதியில். அவளுடைய உடம்பு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி அது. அதை நாங்கள் குழப்பம் என்று பார்த்தோம். வகுப்பு முடிந்ததும் டொக்டர் அவளிடம் மென்மையாக, “ஆட வேணும் போல இருந்தா அதை ஒரு எண்ணமாப் பாருங்கோ. அதுக்குப் பின்னால போகாதேங்கோ” என்றார். அவள் சொன்னதை அப்படியே செய்யும் பெண். இரண்டாம் கிழமை இரண்டு நிமிடம். மூன்றாம் கிழமை ஐந்து. அந்த நாட்களில் அவள் நீளக் கைச்சட்டை போட்டுக்கொண்டு வரத் தொடங்கினாள். மின்விசிறி நிறுத்திய கொழும்பு அறையில், மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் பூட்டிய சட்டை. உட்காரும்போது வலக்கையை இடக்கைச் சட்டைக்குள்ளும் இடக்கையை வலக்கைச் சட்டைக்குள்ளும் நுழைத்துக்கொள்வாள். நல்ல அடக்கமான இருப்பு என்று டொக்டர் மற்றவர்களுக்குக் காட்டினார். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிடத்தைக் குறித்தேன்.

பிறகு நான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். கண் திறந்திருக்கும்போது அவளுக்குப் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும், பாயின் பின்னல், யன்னல் கம்பி, எண்ணுவதற்கு ஏதாவது. கண்ணை மூடினால் மிஞ்சுவது சத்தம் மட்டும். ஒன்பது பேரின் மூச்சு, கீழே முச்சக்கரவண்டி, ரயில் வருவதற்கு முன்பே நிலத்தில் வரும் அதிர்வு, தன்னுடைய இதயம். கண்ணை மூடினால் அவளுக்குச் சத்தம் குறையாது, கூடும் என்று அன்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எட்டாம் சனிக்கிழமை அவள் இருபது நிமிடம், மணி அடித்து முடியும் வரை, அசையவில்லை. அந்த நிலையத்தில் அதற்கு முன் யாரும் அப்படி இருந்ததில்லை. டொக்டர் கைதட்டினார், எல்லோரும் கைதட்டினோம். அவள் காதைப் பொத்தினாள். அதற்கும் சிரித்தோம், வெட்கப்படுகிறாள் என்று.

அடுத்த கிழமை கடிதம் எழுதப்பட்டது. அதை நான் ஆயுள் முழுக்க மறக்கமாட்டேன். “பயிற்சியை மிகச் சிறப்பாக நிறைவு செய்துள்ளார். சுய கட்டுப்பாட்டுத் திறன் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியுள்ளது. வேலைத்தலத்தில் விசேட ஏற்பாடுகள் எதுவும் தற்போது அவசியமில்லை.” கீழே டொக்டரின் கையொப்பம். அதற்குக் கீழே, மதிப்பீடு செய்தவர் என்ற இடத்தில், என்னுடையது. பாரத்தின் பிரதி இணைப்பாகப் போனது.

மேசை கேட்டு வந்தவளுக்கு மேசை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். அதுவும் பாராட்டுப் பத்திரம் மாதிரி. ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும். மேசை தேவை என்று எழுதினால் எட்டுக் கிழமைப் பயிற்சியால் பயனில்லை என்று ஆகிவிடும். ஒலிபெருக்கியைத் திருப்பி வைக்க ஒரு ஏணியும் ஒரு ஆளும் போதும். அதைச் செய்யச் சொல்லாமல் ஒரு பெண்ணின் நரம்பைத் திருப்பி வைக்கப் பார்த்தோம்.

பதினொரு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவள் தாய் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மிஸ், மேசைக்கு அடியில போய் இருந்துட்டாளாம். ரெண்டு மணித்தியாலம் வெளிய வரல்ல. யாரோ கையப் பிடிச்சு இழுத்திருக்காங்க, கத்திட்டாளாம். இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். பேச்சே இல்ல மிஸ்.”

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். மூன்று மூச்சு. “வீட்டில பயிற்சியை விட்டிட்டாவோ?” என்று கேட்டார்.

நான் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சின்ன வீடு, முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு துணித் திரை. ஜெசிந்தா கட்டிலில் சுவரைப் பார்த்து இருந்தாள். ஆடிக்கொண்டிருந்தாள். நான் கேட்ட முதல் கேள்வியைக் கேளுங்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயிற்சி செய்தாளா என்று கேட்டேன்.

“விடவே இல்ல மிஸ்,” என்றார் தாய். “வேலைக்குப் போக முந்தி இருபது நிமிஷம், வந்து இருபது நிமிஷம். டொக்டர் சொன்ன மாதிரியே. கதவச் சாத்திட்டு. நான் சத்தமே போடமாட்டேன், குக்கர் கூட வைக்கமாட்டேன்.”

அப்போது ஜெசிந்தா திரும்பாமலே வலக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினாள். பிறகு இடக்கை. இரண்டு கையையும் முழங்கை வரை உருட்டிவிட்டு என் பக்கம் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நகம் பதிந்த தழும்பு. பழையது கறுத்து, புதியது சிவந்து, வரிசை வரிசையாக.

“ஆடாம இருக்கணும்னா எதையாவது பிடிச்சுக்கணும் மிஸ்,” என்றாள். “இருபது நிமிஷத்துக்கு நாப்பது தடவ. நான் எண்ணுவேன்.”

தாய் அதை அதற்கு முன் பார்த்திருக்கவில்லை. அவர் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “நாங்க ஒரு மேசதானே மிஸ் கேட்டோம்” என்றார். முப்பத்து மூன்று வருட வேலையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒன்றும் இதைப் போல உறைக்கவில்லை.

அன்று மாலையே என் கையால் இரண்டாவது கடிதம் எழுதி டொக்டரிடம் கொண்டுபோனேன். முதல் கடிதம் தவறு, இவருக்கு அமைதியான இடத்தில் மேசை அவசியம் என்று. அவர் முழுக்க வாசித்தார். குப்புற இருந்த கைக்கடிகாரத்தை நிமிர்த்தி வைத்தார். எழுந்து போய், தன் கையால் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

“மிஸ், ஒரே ஆளுக்கு ஒரே இடத்திலயிருந்து ரெண்டு கடிதம் போனா எங்கட மதிப்பு என்ன ஆகும்? நீங்கள் கொஞ்சம் பதட்டப்பட்டிருக்கிறியள். நீங்களும் ஒரு எட்டுக் கிழமை பயிற்சிக்கு இருக்கலாம் எண்டு நினைக்கிறன்.”

அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் வத்தளைக்குப் போனேன். ஆளணி அலுவலர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மிஸ், இதுல டொக்டர் சைன் பண்ணி இருக்கார். நீங்களும் சைன் பண்ணி இருக்கீங்க. பாரம் கூட இருக்கு, இருபது நிமிஷம்னு. இந்த ரெண்டாவதுல நீங்க மட்டும் தானே சைன். எந்த லெட்டர நாங்க நம்புறது?”

அவர் மேலிடத்துக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். மாத முடிவில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆறு வருடம் ஒரு பிழை தப்பவிடாதவள், எங்கள் ஒரு பிழையால் வெளியே வந்தாள்.

நான் அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் நாலு வருடம் அதே கதவோரக் கதிரையில் இருந்தேன். கடிகாரத்தை மட்டும் தொடமாட்டேன் என்று சொன்னேன். வருபவர்களிடம் கண் திறந்திருக்கலாம், ஆடலாம், நடக்கலாம், போதும் என்றால் எழுந்து போகலாம் என்று சொன்னேன். பாரத்தில் அந்த நிமிட நிரலைப் பேனையால் வெட்டிவிட்டு “உள்ளே எப்படி இருந்தது?” என்று எழுதினேன். டொக்டர் பார்த்தும் பாராதது போல இருந்தார். நான் ஓய்வுபெற்றுப் போனதும் பாரம் பழையபடி வந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. இந்த முறை ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு. அந்த வயதில் கையைக் காட்டக் கூடத் தெரியாது.

நரம்பியல் வேறுபாடு உள்ளவர்களின் மனநலத்துக்கு இந்தப் பயிற்சி உதவுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. சிலருக்கு உதவும். அவர்களுக்குப் பொருந்துகிற மாதிரி, அவர்கள் விரும்பினால், நிறுத்து என்றால் நிறுத்துகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால். ஆனால் மேசைக்குப் பதிலாக அதைக் கொடுக்காதீர்கள். ஒலிபெருக்கிக்குக் கீழே ஒருவரை இருத்திவிட்டு மூச்சைக் கவனி என்று சொல்வது சிகிச்சை இல்லை. அமைதியான வகுப்பறை என்பது ஆசிரியருக்குத் தேவையான ஒன்று. அதைப் பிள்ளையின் மனநலம் என்று பெயர் மாற்றி விற்காதீர்கள்.

இவ்வளவும் எழுதித் தட்டச்சு செய்து, அனுப்புவதற்கு முன் ஜெசிந்தாவிடம் கொண்டுபோனேன். அவளைப் பற்றியது, அவள் பார்க்காமல் போகக் கூடாது. இப்போது கொட்டாஞ்சேனையிலேயே குழந்தை உடுப்புத் தைக்கும் ஒரு சின்ன இடத்தில் அதே பரிசோதனை வேலை. ஆறு பேர்தான், யன்னலோர மேசை. பெருவிரலைத் தையல் வழியே ஓடவிட்டு, கண் திறந்தபடி, ஒவ்வொரு தையலாக எண்ணிக்கொண்டு போவாள். இலேசாக ஆடுவாள். அங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அப்படிச் செய்தால் தலைக்குள் சத்தம் அடங்கும் என்றாள். டொக்டர் சொன்ன முழுக்கவனம் அதுவாகத்தான் இருக்க வேண்டும், அவர் பார்த்திருந்தால் அசைகிறாள் என்று கடிகாரத்தை நிறுத்தச் சொல்லியிருப்பார்.

பிரசுரத்தின் வரைபடத்தையும் காட்டினேன். அதை ஒரு முறை பார்த்துவிட்டு மடித்து ஒதுக்கி வைத்தாள். பிறகு என் தாள்களை எடுத்து, ஒரு சட்டையைப் பார்ப்பது போல, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். மேசையிலிருந்த சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, ஒரு வரியின் பக்கத்தில் ஒட்டி என்னிடம் தந்தாள். கண்ணை மூடினால் அவளுக்குச் சத்தம் குறையாது, கூடும் என்று அன்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்ற வரி.

“நான் சொன்னேன் மிஸ்,” என்றாள். “ரெண்டாவது கெழம. படிக்கட்டுல. நீங்க செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தீங்க.”

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அவள் அடுத்த உடுப்பை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சுகந்தியைக் கூப்பிட்டேன். விளக்கேற்ற வரமாட்டேன், பிரசுரத்திலிருந்து அந்த வரைபடத்தை எடுத்துவிடு என்று சொன்னேன். பிறகு, பங்கேற்பாளர் ஏழின் கோப்பை எடுத்து இரண்டாம் கிழமைக் குறிப்பை வாசிக்கச் சொன்னேன். அவள் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“‘கண்ணை மூடினால் சத்தம் கூடுவதாகச் சொல்கிறார். பயிற்சியைத் தவிர்க்கும் போக்கு. தொடர்ந்து ஊக்குவிக்கவும்,’” என்று வாசித்தாள். “மிஸ், இது உங்கட கையெழுத்து” என்றாள்.

ஓம், என்றேன்.

என் தாளில் அந்த வரியை நான் திருத்தவில்லை. அம்பு ஒட்டிய இடத்திலேயே இருக்கட்டும்.